நாலு வால் கோபுரம்

கோப்பன்ஹேகனில் பார்க்கத்தக்க கட்டடங்கள் எத்தனை என்று யாராவது கிறகரியைக் கேட்டால், யோசிக்காமல் பன்னிரண்டு என்பார். பதின்மூன்றாவது அவரைப் பொறுத்தவரை கிடையாது. மகன் அனுஜன் ஒரே நாளில் பன்னிரண்டையும் கால் நோக நடந்து பார்த்து, ஒவ்வொன்றின் முன்னாலும் சிரித்துக்கொண்டு நின்று படம் எடுத்திருந்தான்.

அவன் அந்த நகரத்தில் வசிக்கவே இல்லை. கனடா விசா இரண்டு தரம் மறுக்கப்பட்ட பிறகு டென்மார்க் போனவன். தலைநகரத்திலிருந்து இரண்டு மணித்தியால ரயில் தூரத்தில் ஒரு சின்ன ஊர், பீட்சாக் கடைக் குசினி, கிழமையில் ஏழு நாளும் வேலை. மொன்றியலில் லாசால் பக்கம் ஒரு மாடிவீட்டில் இருக்கும் தாய்க்கு இதையெல்லாம் எந்தப் பிள்ளை சொல்லும்? கிடைத்த ஒரேயொரு லீவு நாளில், தன் ஜாக்கெட் இரண்டையும் அறைத்தோழன் பிருந்தனின் ஜாக்கெட் இரண்டையும் பையில் திணித்துக்கொண்டு ரயிலேறினான். வட்டக் கோபுரத்துக்கு நீலம், பளிங்குக் கோயிலுக்குக் கறுப்பு, தண்ணீர்க் கரை ஒப்பெரா மண்டபத்துக்குப் பச்சை என்று மாற்றி மாற்றிப் போட்டான். ஞாயிறுக்கு ஒன்றாக அனுப்பினால் மூன்று மாதத்துக்குக் காணும். மகன் ராசா மாதிரி ஊர் சுற்றுகிறான் என்று தாய் நிம்மதியாக இருப்பாள். வெளிநாடு வந்த எங்கள் பிள்ளைகளில் இந்தக் கள்ளத்தைச் செய்யாதவர்கள் யார்!

நாலு படம் அனுப்பினான். ஐந்தாவது ஞாயிறு வருமுன், விடியாத காலையில் சைக்கிளில் வேலைக்குப் போனவனை ஒரு லொறி அடித்துவிட்டது.

அதே கிழமைதான் தாய் மாக்கிரட்டின் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு மனதைத் தாக்கும் செய்தி எதுவும் காதில் விழக்கூடாது என்று டொக்டர் சொன்னார். இருமும்போது தையல் விடாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க ஆஸ்பத்திரியில் ஒரு சிவப்புத் தலையணையும் கொடுத்தார்கள். கிறகரி அந்த மூன்று மாதத்தைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையை அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பிருந்தனைத் தவிர வேறு யாருக்கும் வாய் திறக்கவில்லை. ஒரு தகப்பன் செய்கிற காரியமா இது என்று அவர் தன்னையே கேட்காத நாளில்லை.

பிருந்தனின் பார்சல் அவர் வேலை செய்யும் கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதிக்கு வந்தது. ஒரு செபமாலை, நீல ஜாக்கெட், கைபேசி. கைபேசியில் மிச்சம் எட்டுப் படம். ஒவ்வொன்றோடும் அனுப்ப வேண்டிய வரிகளைக்கூடப் பிள்ளை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தான். வட்டக் கோபுரத்துக்கு இது: “உள்ளுக்கை படியே இல்லை அம்மா, சுத்திச் சுத்தி ஏத்தம்தான். குதிரையிலையே மேல போன ராசா ஒருத்தர் இருந்தவராம்.”

ஒவ்வொரு ஞாயிறு காலையிலும், பூசைக்கு முன், மாடிவீட்டு நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் மெசினில் சாய்ந்து நின்று கிறகரி அந்தப் படங்களில் ஒன்றை மகனின் கைபேசியிலிருந்தே அனுப்பினார். அனுப்பியதும் கைபேசியைச் சவர்க்காரப் பெட்டிக்குள் ஒளித்து வைப்பார். குரல் கேட்க வேண்டுமென்று மாக்கிரட் கெஞ்சினால், “மைக் பழுது அம்மா, பேந்து திருத்துறன்” என்று எழுதுவார். உயிர்த்த ஞாயிறன்றும் அதையேதான் எழுதினார்.

ஒருநாள் அவள் மகனுக்கு எழுதியிருந்தாள்: “அப்பா களவா அழுறார் தம்பி. என்னட்டைச் சொல்லுறாரில்லை. நீ ஒருக்காக் கேட்டுப் பார்.”

“அப்பாவுக்கு ஒண்டுமில்லை அம்மா, நான் கதைச்சனான்,” என்று கிறகரி பதில் எழுதினார். எழுதிவிட்டு மெசின் சுற்றும் சத்தத்துக்குள் வாய்விட்டு அழுதார்.

ஏப்ரலில் கடைசிப் படத்தின் முறை வந்தது. நானூறு வருடப் பழைய வியாபார மண்டபம். திருத்த வேலைக்காகச் சுற்றிவரச் சாரம் கட்டியிருந்தது. சாரத்துக்கு மேலே நாலு டிராகன்கள் வாலை ஒன்றோடொன்று முறுக்கி ஊசிபோல உயர்ந்த கோபுரம். “இண்டைக்கு இஞ்ச வந்தனான் அம்மா. உந்த நாலு வாலும் கட்டடத்தை நெருப்பிலையிருந்து காக்குமாம்.” இதற்குப் பிறகு மகன் இல்லை என்று நினைத்தபடி கிறகரி அனுப்பும் பொத்தானை அழுத்தினார். பூசைக்குக் கூட்டிப்போக வந்த பக்கத்து வீட்டுக்காரி யோசெப்பின், வெளியே காரில் ஹோர்ன் அடித்தாள். அவசரத்தில் கைபேசி சவர்க்காரப் பெட்டிக்குப் போகவில்லை, சட்டைப் பைக்குள் போனது.

பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது மாக்கிரட் வழக்கம்போலப் படத்தைக் காட்டினாள். யோசெப்பின் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள்.

“இதெல்லே செவ்வாய்க்கிழமை எரிஞ்சது?”

“எது?”

“உந்த நாலு வால். ரீவியிலை நீங்கள் பாக்கேல்லையே? அப்பிடியே சரிஞ்சு விழுந்ததெல்லே.” தன் கைபேசியில் வீடியோவைத் தேடிப் போட்டாள். நெருப்புக்குள் அதே கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து, முறிந்து விழுந்தது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக் கன்ரீன் ரீவியில் எங்கேயோ ஏதோ எரிந்ததைக் கிறகரியும் பார்த்தவர்தான். எந்த ஊர் எரிந்தால் என்ன என்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தவர்.

“உங்கட ரீவி பொய்,” என்றாள் மாக்கிரட். குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. “என்ர பிள்ளை இண்டைக்குக் காலமை அதுக்கு முன்னாலை நிண்டு எடுத்த படம் இது. கோபுரம் நிக்குது. அவன் ஏன் எனக்குப் பொய் சொல்லப்போறான்?”

யோசெப்பின் கிறகரியைப் பார்த்தாள். கிறகரி தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாக்கிரட் குசினி மேசையருகே சிவப்புத் தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுதினாள். எழுதியதை வாய்விட்டு வாசிப்பது அவள் வழக்கம்.

“மகன், இந்தப் படம் எப்ப எடுத்தனி?”

அடுப்பில் கேத்திலை வைத்துக்கொண்டிருந்த கிறகரியின் சட்டைப் பை அதிர்ந்தது.

அவர் திரும்பவில்லை. சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி நின்றார். வேறு யாரோ அழைக்கிறார்கள் என்று சொல்லலாம் என்று நினைத்தார். அவருடைய சொந்தக் கைபேசி மேசையில், அவள் முழங்கைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

“சாப்பிட்டியா தம்பி?”

பை மறுபடியும் அதிர்ந்தது.

மாக்கிரட் எழுந்து வந்தாள். தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்தபடி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய மூச்சு அவருக்குக் கேட்டது. தலையணைக்கு மேலாகப் பெருவிரலால் ஒரேயொரு சொல்லை எழுதி அனுப்பினாள். அதை வாசிக்கவில்லை.

மூன்றாம் தரமும் அதிர்ந்தது.

“எடுங்கோ,” என்றாள்.

கிறகரி கைபேசியை வெளியே எடுத்தார். “அம்மா” என்ற பெயருக்குக் கீழே, கடைசி வரியில் “மகன்” என்று மட்டும் இருந்தது.

“பதில் எழுதுங்கோ அப்பா. இவ்வளவு நாளும் எழுதினீங்கள்தானே.” அவள் அழவில்லை, தலையணையை இன்னும் இறுக்கினாள். “பிள்ளை உயிரோடை இருக்கிறானெண்டு எழுதுங்கோ. நான் நம்புறன்.”