ஊன்றக் கூடாத கால்

பஸ் நிற்பதற்குள் படியிலிருந்து குதித்ததில் கண்டக்டரம்மாவின் வலது கால் மடங்கிக்கொண்டது. உள்ளே ‘கடக்’கென்று ஒரு சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு விசில் கொடுத்தாள். அன்றைய ட்யூட்டியைக் கம்பியைப் பிடித்துத் தொங்கியே ஓட்டிவிட்டாள்.

“நடக்க முடியுதே, வெறும் சுளுக்குதான்” என்று டிரைவரிடம் சொன்னாள். தனக்குத்தானேயும் அதையே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் செருப்புக்குள் கால் நுழையவில்லை. பாதம் முழுக்கக் கன்றிப்போயிருந்தது. எலக்ட்ரீஷியனான கணவர் வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

வீங்கின இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, கணுக்காலின் வெளிப்பக்க எலும்பை டாக்டர் விரலால் அழுத்தினார். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“உடைஞ்சிருந்தா எப்படி டாக்டர் நடந்து வந்திருப்பேன்?”

“நிறைய பேர் நடந்துதாம்மா வர்றாங்க.”

எக்ஸ்ரேயில் தலைமுடி கணக்காக ஒரு கோடு. எலும்பு விலகவில்லை, மாவுக்கட்டிலேயே கூடிவிடும் என்றார். “ஆனா நான் சொல்ற வரைக்கும் இந்தக் காலை ஊனவே கூடாது. தலையணை மேல தூக்கியே வைங்க. விரல் மரத்துப்போனா உடனே வந்துடுங்க.”

படுத்துக் கிடப்பது சுகமென்று யார் சொன்னது? சமையல், துணி, அவளைக் குளியலறைக்குத் தாங்கிப் போவது என்று எல்லாம் கணவர் தலையில் விழுந்தது. சாம்பாரில் ஒரு நாள் உப்பே இல்லை, மறுநாள் உப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

கணவர் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், வீட்டிலிருந்த மாமனார் குழாயைத் திறந்துவிட்டு மூடாமல் போய்விட்டார். அவருக்குக் காது மந்தம்.

“மாமா! குழாய்!”

தொண்டை வறண்டதுதான் மிச்சம். தண்ணீர் கூடம் வரைக்கும் வந்துவிட்டது. ஊன்றுகோலோ கைக்கெட்டாத தூரத்தில். காலை ஊன்றி எழுந்து போய்க் குழாயை மூடினாள். பெரிதாக வலிக்கவில்லை. அதுதான் வினையாயிற்று. அடுத்த நாள் அடுப்படி வரை போனாள், அதற்கடுத்த நாள் துணி மடித்தாள்.

அடுத்த எக்ஸ்ரேயில் கோடு இடைவெளியாகியிருந்தது.

“ஊனினீங்களா?”

அவள் கணவரைப் பார்க்காமல் ஆமென்று தலையாட்டினாள். டாக்டர் கோபப்படவில்லை. “இனி கட்டு மட்டும் போதாது. ஆபரேஷன் பண்ணி, பிளேட் வெச்சு ஸ்க்ரூ போடணும்” என்றார்.

வெளியே பெஞ்சில் கணவர் உட்கார்ந்திருந்தார். சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

“திட்டுறதுன்னா திட்டிடுங்க.”

“தெம்பில்லம்மா” என்றார் அவர். “வீட்டுக்குள்ள நுழையும்போது துணி மடிச்சு வெச்சிருந்தது. யாரு மடிச்சான்னு கேட்கணும்னுகூட எனக்குத் தோணல. மடிச்சு இருக்குதேன்னு நிம்மதியா இருந்துச்சு.”

அவர் சுவரில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போனார். நர்ஸ் வந்து கூப்பிடும் வரை அவள் எழுப்பவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நடக்கப் பழகுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மரக்கட்டையாய் இறுகிய கணுக்காலைத் துண்டு போட்டு இழுத்து இழுத்து வளைத்தாள். டிப்போவில் தானே கேட்டு, உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிற கவுன்ட்டருக்கு மாறிக்கொண்டாள். சாயங்காலமானால் இப்போதும் கால் வீங்கும்.

கவுன்ட்டரில் முதல் நாள் வேலை முடிந்து வந்தவளிடம், “எப்படி இருக்கு?” என்றார் கணவர்.

“வலிக்குது. ஆனா நடக்குது.”

அவர் தலையணையை எடுத்து அவள் காலுக்கடியில் வைத்தார். இரவுச் சாப்பாட்டுக்கு யார் அடுப்படிக்குப் போவது என்று இருவருமே பேச்செடுக்கவில்லை.