கீழ்முனை

ஷெட்டின் நீண்ட மேசைகளில் பாறைப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்த பேராசிரியர் பாதி வழியில் நின்றார். கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தார். அடுத்த பெட்டியைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதெல்லாம் தலைகீழா இருக்கே."

பக்கத்தில் நின்ற அவளுக்குக் காலையிலேயே அது தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பெரிய பள்ளம் விண்கல் விழுந்து உண்டானது. அதன் விளிம்பில் துளை போட்டு, இரும்புக் குழாய்க்குள் உருளை உருளையாகப் பாறையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலையிடத்தில் அதை எல்லாரும் கோர் என்பார்கள். விண்கல் வருவதற்கு வெகு காலம் முன்பே, உயிர் என்று சொல்லப் பாசியைத் தவிர வேறெதுவும் இல்லாத நாட்களில், ஏதோ ஒரு ஆழமில்லாத நீர்நிலையில் சேறாகப் படிந்து இறுகிய பாறை அது. அந்தச் சேறு எப்படிப் படிந்தது, எப்போதெல்லாம் காய்ந்தது என்று ஆராய்வது அவள் வேலை. காய்ந்த சேறு வெடிக்கும், வெடிப்பில் மணல் இறங்கி நிரம்பும். பக்கவாட்டில் பார்த்தால் அது கேரட் மாதிரி, மேலே அகன்றும் கீழே கூர்ந்தும் இருக்கும். எந்தக் காலத்துச் சேறானாலும் அப்படித்தான். இந்தப் பெட்டிகளிலோ கூர்முனைகள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"இந்த ஒரு பெட்டி மட்டும் சரியா இருக்கு" என்று பேராசிரியர் நடுவில் ஒன்றைத் தட்டினார். "மத்ததையெல்லாம் மாத்தி அடுக்கியிருக்காங்க. யார் ஷிப்ட்?"

அவருக்குத் தெரியாமல் இல்லை. அவளும் மழுப்பவில்லை. "என் தம்பி, சார்."

தம்பிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். குழாயிலிருந்து சரியும் பாறையைப் பெட்டியில் அடுக்கி, மேல்பக்கம் எது என்று கறுப்புப் பேனாவால் அம்புக்குறி போடவேண்டும். அதற்கு முன்னால் வேன் ஓட்டினான். முகவரியைக் கேட்டு முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவான். வீட்டில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவசரக்குடுக்கை என்று ஆரம்பித்தது சுருங்கி, கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் குடுக்கையாகவே நின்றுவிட்டது.

"வெட்டுற மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு. வந்ததும் எல்லாத்தையும் நெடுக்க ரெண்டா வெட்டியாகணும்" என்றார் பேராசிரியர். "அதுக்குள்ள இதையெல்லாம் திருப்பி வச்சு, அம்பை மாத்திப் போட்டுடுங்க."

"பாறையே புரண்டு கிடந்தா, சார்?"

அப்படி நடப்பதுண்டு. விண்கல் மோதும் வேகத்தில் விளிம்புப் பாறை, புரட்டிய பக்கம்போல வெளியே மடிந்து கவிழ்ந்துவிடும்.

"இங்க அந்த மடிப்பெல்லாம் கரைஞ்சுபோய் எத்தனையோ காலம் ஆச்சுன்னு சர்வே சொல்லுது. சுலபமான காரணம் கண்ணெதிர்ல இருக்கறப்ப ஏன் சுத்தி வளைக்கணும்?" கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்தார்: "தம்பிங்கறதால சொல்லலையே?"

அவளுக்குச் சுருக்கென்றது. கோபப்படவும் முடியவில்லை, அவர் கேட்டது நியாயம்தான். "மெஷின் வர்ற வரைக்கும் விடுங்க சார். திருப்பித்தான் ஆகணும்னா நானே திருப்பறேன்."

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் தரையில் உட்கார்ந்து மகளின் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நேராக் கேக்கறேன். கோரை எங்கயாவது மாத்தி வச்சியா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "ஆபீஸ்ல கேக்கறாங்களா, நீ கேக்கறியா?"

"நான்தான் கேக்கறேன்."

"வேற யாராவது வச்சிருந்தா இப்படி வீடு தேடி வந்து கேப்பியாக்கா? குடுக்கைதானே, எதை வேணும்னாலும் அவன் தலையில கட்டலாம்." கிரீஸ் கையோடு எழுந்து உள்ளே போய்விட்டான். தம்பி மனைவி ஒரு தட்டில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நின்றாள்.

அவள் வீடு வந்து சேருவதற்குள் விஷயம் அம்மாவுக்கு எட்டிவிட்டது. "நீ அவனுக்கு அக்காவா, போலீஸா?" என்றாள் அம்மா போனில். "உடம்பொறப்புக்காக ரெண்டு கல்லைத் திருப்பி வச்சா குறைஞ்சா போயிடுவே?"

"எந்தப் பக்கம் திருப்பறதுன்னு தெரிஞ்சா வச்சிடுவேம்மா."

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தம்பியை நம்பவேண்டும்போல இருந்தது, அதனாலேயே தன்னை நம்பப் பயமாக இருந்தது. யார் பேச்சையும் கேட்காமல் பாறையிடமே கேட்பது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் ஃபோர்மேனைக் கேட்டு வாங்கி, துளைக்குழாயைக் கழற்றிப் பார்த்தாள். அடிவாயில் ஒரு எஃகு வளையம் இருந்தது. குழாயை மேலே இழுக்கும்போது அது பாறையை இறுக்கிப் பிடித்து, அடியில் முறித்து எடுக்கும். பல்லைப் பதித்துப் பிடிக்கிற வளையம், தடயம் இல்லாமலா போகும்? ஒரு குழாய்ப் பாறை ஒரு பெட்டி. அப்படியானால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு முனையில் அந்தக் கீறல் இருக்கவேண்டும். கீறல் இருக்கும் முனைதான் கீழ்முனை. அதை யாராலும் மாற்றிப் போட முடியாது.

மேசை விளக்கைத் தரையளவுக்குச் சாய்த்து, ஸ்பாஞ்சால் பாறையை நனைத்து, முனை முனையாகப் பார்க்க ஆரம்பித்தாள். சில இடங்களில் கீறல் முடியைவிட மெல்லிசாக இருந்தது. சிலவற்றில் பாறை பொடிந்து ஒன்றுமே தெரியவில்லை. அவற்றுக்கு, அடுத்த பெட்டியின் முறிந்த முகத்தோடு சேர்த்துப் பொருந்துகிறதா என்று பார்த்தாள். முதுகு கழன்றுவிடும்போல வலித்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு நாளும் அதே வேலையாக இருந்தாள். தம்பி அந்த வழியாகப் புதுப் பெட்டிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போவான், திரும்பிப் பார்க்கமாட்டான்.

பெட்டிக்குப் பெட்டி, தம்பி போட்ட அம்பும் கீறலும் ஒத்துப்போயின. அடுக்கியதில் பிசகில்லை, பாறைதான் புரண்டிருக்கிறது. அவளுக்கு ஷெட்டைச் சுற்றி ஓடவேண்டும்போல இருந்தது.

ஒரே ஒரு பெட்டி வந்து குறுக்கே நின்றது. அதில் கீறல் மேலே இருந்தது. முறிந்த முகமும் பக்கத்துப் பெட்டிகள் எதிலும் பொருந்தவில்லை. திருப்பிப் பொருத்தினால் கச்சிதமாக உட்கார்ந்தது. பேராசிரியர் தட்டிக் காட்டிய அதே பெட்டி.

தம்பியை ஷெட்டுக்குக் கூப்பிட்டாள். விளக்கைச் சாய்த்து அந்தக் கீறலைக் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான்.

"அன்னைக்கு மழை" என்றான். "பெட்டி வழுக்கிக் கீழ விழுந்துடுச்சு. சிதறின துண்டுகளை ஒண்ணோட ஒண்ணு பொருத்தி வச்சேன், அம்பு அப்புறம்தான் போட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

"நான் வந்து கேட்டேனே."

"அதனாலதான் கோவம் வந்துச்சு." மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினான். "மத்தது எல்லாம் சரியாத்தானே இருக்கு. இதை மட்டும் திருப்பி வச்சுடுக்கா. உனக்கும் எனக்கும்தானே தெரியும்."

அவள் கை அந்தப் பெட்டியின் மேல்தான் இருந்தது. திருப்ப அரை நிமிஷம்கூட ஆகாது.

"மாட்டேன்" என்றாள். "இதைத் திருப்பினேன்னா மத்த பெட்டியைப் பத்திப் பேச எனக்கு வாய் இருக்காது. நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்."

அவன் வெளியே போய்விட்டான். வருவானா என்று அவளுக்கு நிச்சயமில்லை. பேராசிரியர் வந்தபோது அவன் கதவோரம், கழுவிய முகத்தோடு நின்றிருந்தான்.

அவள் விளக்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு விளக்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவர் பெட்டி பெட்டியாகப் போனார். நடுவில் நின்றார்.

"இதுல கீறல் மேல இருக்கே."

"ஆமா சார். நீங்க சரியா இருக்குன்னு சொன்ன பெட்டி."

"அதைக் கீழ போட்டது நான்தான் சார்" என்றான் தம்பி. மழையையும் வழுக்கலையும் மென்று முழுங்காமல் சொல்லி முடித்தான்.

பேராசிரியர் விளக்கை மேசையில் வைத்தார். "தவறிப் போறது சகஜம். அதைச் சொல்லாம விட்டது பெரிய தப்பு. இனிமே நீங்க தனியா அம்பு போடவேண்டாம், கூட ஒருத்தர் பாக்கணும்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "தப்பா இருந்த ஒண்ணை இது காட்டிக் குடுத்துடுச்சுன்னா, மத்தது சரின்னு இது சொல்றதையும் ஏத்துக்கத்தான் வேணும். ஆனா ஒரு துளையை வச்சுச் சொன்னா வெளியில யாரும் நம்பமாட்டாங்க. விளிம்புல வேற இடத்துல இன்னொண்ணு போடுவோம்."

தம்பிக்கு அது லேசாக இறங்கவில்லை. வேறொருவர் பார்த்துத் தலையாட்டும்வரை பேனாவும் கையுமாக நிற்பது அவனுக்கு அவமானமாக இருந்தது. அக்காவிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. அம்மாவும் இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்துகொண்டிருந்தாள். ஆனால் அவன் லீவு போடவில்லை. வேலையை விடப்போவதாகவும் சொல்லவில்லை.

பள்ளத்தின் எதிர் விளிம்பில் புதுத் துளை. மேலே இருந்த நொறுங்கிய பாறையெல்லாம் கடந்து, கெட்டிப் பாறை ஏறிய முதல் குழாயை ஃபோர்மேன் சுத்தியலால் தட்டினார். உருளை மெல்லச் சரிந்து வந்தது. தம்பி அடிமுனையை இரண்டு கையாலும் ஏந்தி, கீறலைத் தடவிப் பார்த்து, "கீழ்முனை" என்று உரக்கச் சொன்னான். துணைக்கு நின்றவர் பார்த்துத் தலையாட்டினார்.

அவள் ஸ்பாஞ்சைப் பிழிந்தாள். சேற்றுப்பாறை நனைந்து கறுத்தது. உள்ளே வெளிறிய மணல் வெடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. கூர்முனை மேலே, எல்லாமே மேலே.

பேராசிரியர் லென்ஸோடு குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. "அடுத்த குழாயை இறக்குங்க" என்றார்.

அவள் இன்னும் பாறையைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

"கையை எடுக்கா" என்றான் தம்பி, பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்தபடி. "அம்பு போடணும்."