அஞ்சலாட்சியின் முதுகு

எங்கள் பக்கத்தில் யார் எதை வரைந்தாலும், படம் முடிகிற வரை அது அசையாது. அதனால் மாட்டை வரைகிறவர்கள் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். பால் கறக்க வேண்டுமே.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கட்டட வேலை கிடையாது. ஏரியில் ஒரு கொக்கு நின்றது. வரைந்தேன். நான் எழுத்து கற்றதே நாற்பது வயசுக்கு மேல். ‘அ’ போடப் பழகிய வளைவு கொக்கின் கழுத்துக்குச் சரியாக வந்தது.

கொக்கை ஒட்டிக் கோரை. கோரையை ஒட்டித் தண்ணி. அலை மடங்கின இடத்திலேயே நின்றது. அந்தத் தண்ணியில் என் பெண்சாதி அஞ்சலாட்சி குனிந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். அவள் முதுகும் படத்துக்குள் வந்துவிட்டது.

“யோவ், இடுப்பு நிமிர மாட்டேங்குது.”

“இரு. கொக்குக்குக் கண்ணு பாக்கி.”

கண் வைத்தேன். கொக்கு பறந்தது. கோரை ஆடியது. தண்ணி அலம்பியது. அஞ்சலாட்சி நிமிரவில்லை.

துரைக்கண்ணு மேஸ்திரி சைக்கிளில் வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் வேலை கொடுக்கிறவர் அவர்தான். படத்தை வாங்கிப் பார்த்தார்.

“மூஞ்சி எங்கடா, கலியா?”

“முதுகுதாங்க தெரிஞ்சுது.”

“கொக்குக்குச் சரி. ஆளுன்னா மூஞ்சி வெக்காம முடியுமா? முன்னால போய்ப் பாத்துட்டு வா. நாளைக்குக் காங்கிரீட். எனக்கு ஆள் பத்தாது.”

முழங்கால் தண்ணியில் இறங்கி அவள் முன்னால் போனேன். அங்கேயும் முதுகு. அதே ஜாக்கெட், அதே வேர்வைத் திட்டு. இன்னொரு பக்கம் போனேன். முதுகு. எதிர்க்கரைக்கே போய்ப் பார்த்தேன். முதுகு.

திரும்பி வந்து இந்தக் கரைச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

“எல்லாப் பக்கமும் முதுகா இருக்குங்க.”

“அப்ப மனசுலேர்ந்துதான் போடணும்,” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார் மேஸ்திரி, சிமெண்ட் தீர்ந்துபோனதைச் சொல்கிற மாதிரி. “பொழுது சாயுது பாத்துக்க.”

பொழுது சாய்வதற்குள் படத்தை முடிக்காவிட்டால் வரைந்தது அப்படியே நின்றுவிடும். போன வருஷம் நின்றுபோன எருமை மேல் இப்போது துணி காயப்போடுகிறார்கள்.

நினைத்துப் பார்த்தேன். அவள் கட்டைவிரல் நகம் கல் விழுந்து கறுத்தது ஞாபகம் இருந்தது. இருமல் ஞாபகம் இருந்தது. முகம் வரவில்லை. நாங்கள் எழும்போது இருட்டு. வேலையில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவோம். அப்போது சட்டியைத்தான் பார்க்க வேண்டும். ஆளைப் பார்த்தால் சட்டி காலில் விழும்.

“அஞ்சல, உன் மூக்கு எப்படி இருக்கும்?”

முதுகு திருப்பிக் கேட்டது.

“மூக்குத்தி எந்தப் பக்கம்னாவது தெரியுமா?”

“எடது பக்கம்.”

“எனக்கு மூக்கே குத்தலய்யா.”

மேஸ்திரி சிரித்தார். “குடும்பம் நடத்துனியா, குருடனா இருந்தியா?”

“அவரக் கேக்காதீங்க மேஸ்திரி,” என்றது முதுகு. “வெரசா எதையாவது போடுய்யா. உசுரு போவுது.”

கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை வைத்தேன். புருவம் வந்தது. கண்ணுக்குக் கீழே சதை வந்தது. உதடு வந்தது. ஒரு கோடுகூட அழிக்கவில்லை. இத்தனை நன்றாகத் தெரிந்த முகமா என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அஞ்சலாட்சி நிமிர்ந்தாள். எலும்பு ஒவ்வொன்றாகச் சொடுக்கியது. திரும்பினாள்.

துரைக்கண்ணு மேஸ்திரியின் முகம். மீசை. வெற்றிலைப் பல். இவனை இன்றைக்கு வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று காலையில் சுருங்குகிற அந்த நெற்றி.

மேஸ்திரி படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தன் மீசை இருக்கிறதா என்று தடவிக்கொண்டார்.

“காது சுத்தமா வந்திருக்கு,” என்றார். “ரெண்டு பேரும் வெள்ளன வந்துடுங்க.” சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கரையேறினாள். குரல் அவள் குரல்தான்.

“ஏன்யா அப்படிப் பாக்குற? மூஞ்சில சோப்பு இருக்கா?”

நான் வாளியைப் பார்த்தேன்.

“கேக்குறேன்ல?”

அந்த நெற்றி சுருங்கியது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

“ஒண்ணுமில்லீங்க,” என்றேன்.