மூன்று சுற்று

"அவன் கைய எடுக்கச் சொல்லுங்க அத்தா" என்றாள் கனீஸ் பாத்திமா.

வேனிலிருந்து அக்பர் அலியின் உடலை நாலு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் பிடித்திருந்தவன் சக்கரபாணி. அவளைப் பெற்றவர் யாகூப் திரும்பிப் பார்த்தார். சக்கரபாணியே கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினான்.

அக்பர் அலி அவளுக்கு ஒரே தம்பி, கார் மெக்கானிக். சக்கரபாணி அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். குரல் நன்றாக இருந்ததால் வானொலியில் வேலை கிடைத்து மதராசுக்குப் போனவன். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு பழைய விமானத் தளத்தில், தெருவில் ஓடுகிற சாதாரணக் கார்களையே முடுக்கிவிட்டு ஓட்டும் பந்தயம். புதுச்சேரியிலிருந்தும் ஒரு கார் போனது. அதற்கு மெக்கானிக் அக்பர் அலி, ரேடியோவில் நேர்முக வருணனை சக்கரபாணி என்றதும், தெருவே டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்றது. கனீஸ் பாத்திமாவும், கைப்பிள்ளையோடு அக்பர் அலியின் மனைவி அக்தர் பேகமும் சன்னலோரம் நின்று கேட்டார்கள்.

நடுவில் ஒருமுறை, "பாதையில் ஒரு சின்னத் தடங்கல். பந்தயம் தொடர்கிறது" என்றது ரேடியோ. பிறகு புதுச்சேரிக் கார் இரண்டாவது இடத்துக்கு முந்திவிட்டது என்றது. தெரு கைதட்டியது. அவளும் தட்டினாள். பொழுது சாயும் நேரத்தில் போலீஸ்காரர் வந்து சொன்ன பிறகுதான் அந்தத் தடங்கல் யார் என்று தெரிந்தது.

உள்ளே ஆண்கள் மய்யித்தைக் குளிப்பாட்டத் தொடங்கியிருந்தார்கள். தெருவின் எதிர்ப்புறம் வெயிலில் சக்கரபாணி நின்றுகொண்டிருந்தான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அத்தனை ஆண்களுக்கு நடுவே கனீஸ் பாத்திமா தெருவில் இறங்கினாள். உள்ளே போம்மா என்றபடி யாகூப் பின்னாலேயே வந்தார். அவள் நிற்கவில்லை.

"சின்னத் தடங்கல்னு சொன்னியே, அது என்னான்னு இப்ப சொல்லு. எல்லாரும் நிக்கிறாங்க. அங்க சொல்லாதத இங்க சொல்லு."

அவன் சொன்னான். ஒரு காரின் பம்பர் கழன்று வளைவில் விழுந்தது. பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாது. எச்சரிக்கைக் கொடி வைத்திருந்த ஆள் அசையவில்லை. அக்பர் அலிதான் ஓடினான். பம்பரை இழுத்து வெளியே எறிந்துவிட்டான். திரும்பும்போது கார் வந்துவிட்டது. நடுங்கிக்கொண்டு தொடங்கிய குரல், போகப்போக ரேடியோக் குரலாகவே ஆகிவிட்டது, எழுத்துக்கு எழுத்து திருத்தமாக. காதில் விழுந்த தன் குரலைத் தாங்க முடியாமல் அவனே நிறுத்தினான்.

"அது அவன்தான்னு ஒனக்குத் தெரிஞ்சுதா?"

"சட்டையப் பாத்ததுமே தெரிஞ்சுதுக்கா."

"அப்புறமும் பேசின."

"பேசிக்கிட்டே இருன்னு பக்கத்துல இருந்தவரு எழுதிக் காட்டினாரு. ஜனம் கலைஞ்சிடும்னு."

"எழுதினது அவரு. வாய் யாருது?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒடனே போயிட்டானா?"

சக்கரபாணி யாகூபைப் பார்த்தான். "இல்லக்கா. மூணு சுத்து வரைக்கும் இருந்தான். ஆம்புலன்சு உள்ள வரணும்னா பந்தயத்த நிறுத்தணும். நிறுத்தல. வைக்கோல் கட்டுல சாச்சி வெச்சிருந்தாங்க. நான் ஒக்காந்திருந்த மேடையத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்."

சக்கரபாணியின் சட்டை அவள் பிடிக்குள் வந்திருந்தது. பொத்தான் ஒன்று தெறித்தது. யாகூப் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் விட்டுவிட்டாள்.

லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குச் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். ஆண்கள் தோள் மாற்றிக்கொண்டே போனார்கள். சக்கரபாணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் தனியாக நடந்தான். வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை; போ என்றும் விரட்டவில்லை.

உள்ளறையில் அக்தர் பேகம் சுவரில் சாய்ந்திருந்தாள். ஞாயிறு சாயங்காலத்திலிருந்து பேசாதவள், கனீஸ் பாத்திமாவைக் கண்டதும் கேட்டாள்.

"சக்கரபாணி என்ன சொன்னாருக்கா? இவரு ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாராமா?"

"இல்லம்மா. ஒடனே முடிஞ்சிருச்சாம். வலியே தெரிஞ்சிருக்காதாம்."

வார்த்தை ஒன்றுகூடத் தடுமாறவில்லை. அக்தர் பேகம் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

கனீஸ் பாத்திமா அடுப்படிக்குப் போனாள். சாவு வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. சாப்பாடு பக்கத்து வீடுகளிலிருந்து வந்திருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினாள். ஒரு பிடி சாம்பலை அள்ளி, முதல் சட்டியின் அடியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.