மாவு புளிக்கிற மாதிரி

மர்சலின் அந்த மாவு விஷயத்தை எப்போது சொன்னாள் என்பதில் எனக்கே சந்தேகம்தான். தவக்காலம் தொடங்கிய பிறகு என்று ஒருவர் சொன்னார், அதற்கு முன்பே என்றார் இன்னொருவர். ஆனால் அவள் சொன்னாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

தேனாம்பேட்டையில் ஒரு மருத்துவமனை. புது மருந்துகளைச் சோதிக்கிற பிரிவில், வருகிற நோயாளிகளுக்குத் தமிழில் விளக்கம் சொல்வது மர்சலினின் வேலை. சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இட்லி விற்கிற ஜோதிலட்சுமிக்கு டிபி வந்து ஆறிப் பல வருஷமாகியிருந்தது. இருமல் மட்டும் போகவில்லை. கிருமியோடு சண்டை போட வெள்ளை அணுக்கள் வைத்திருக்கிற ஒரு நொதி, சண்டை முடிந்த பிறகும் ஓயாமல் அவள் நுரையீரலையே அரித்துக்கொண்டிருந்தது. அவள் சேர்ந்திருந்த சோதனையின் மாத்திரை அந்த நொதியை அடக்கும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட்டால்தான் உடம்பில் ஏறும்.

நொதி என்ற சொல்லைக் கேட்டு ஜோதிலட்சுமி விழித்தாள்.

"மாவு எப்படி அக்கா புளிக்குது? உள்ள ஒண்ணு வேலை செய்யுதில்ல, அந்த மாதிரி. விட்டா செஞ்சுக்கிட்டே இருக்கும்."

"அப்டி சொல்லு சிஸ்டர். இப்போ புரியுது."

அன்று முழுக்க மர்சலினுக்கு மனசு லேசாக இருந்தது. அந்த வேலையில் அப்படிப்பட்ட நாள் வருவது அபூர்வம்.

மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் நொதி இம்மியும் அடங்கவில்லை.

"அந்தம்மா மாத்திரைய முழுங்கல. எங்கயோ கொட்டுறாங்க," என்றார் பிரிவின் தலைவர் டாக்டர் மதிவாணன். "சோதனைலேருந்து எடுத்துடுங்க."

மர்சலினுக்கு வாதாடத் தெம்பில்லை. இதே நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் இனி வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. இன்னொருத்தி. அவ்வளவுதான்.

ஜோதிலட்சுமி வந்து உட்கார்ந்ததும் இருமினாள். அடங்கும் வரை மர்சலின் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை போடுறீங்களாக்கா?"

"போடாம? காலீல மொத வேலையே அதான்."

"சாப்பிட்டுட்டு?"

"துன்னுட்டுத்தான். டீயும் ஒரு பொறையும்."

"அது சாப்பாடாக்கா? கடை நிறைய இட்லி வெச்சிருக்கீங்க."

"இன்னா சிஸ்டர், வெளாடுறியா? உள்ள புளிச்சிக்கினு கீதுன்னு நீதானே சொன்ன? அதும்மேல புளிச்ச மாவ வேற துன்னுவனா? இட்லி, தோச, பழைய சோறு, மோரு, அல்லாத்தையும் வுட்டுட்டேன். தன் கட இட்லிய தானே துன்ன மாட்டேன்றாளேன்னு தெருவே சிரிக்குது."

மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். மர்சலின் கோப்பைத் திறந்து ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினாள்.

"இன்னா, தாளயே பாக்குற? என்ன வாணாம்னுட்டாங்களா?" ஜோதிலட்சுமியின் குரல் இறங்கியது. "இருமிக்கினே மாவு ஊத்துனா எவன் துன்னுவான் சிஸ்டர்? இந்த மாத்திரதான் கெதின்னு கீறேன்."

மர்சலின் எழுந்து டாக்டரின் அறைக்குப் போனாள்.

"மாத்திரை போட்டிருக்காங்க டாக்டர். அரை வயித்துல. தப்பு என்னோடது."

அவள் சொல்லி முடித்ததும் மதிவாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாவா?"

"மாவுதான்."

"இத இங்கிலீஷ்ல எப்படிம்மா மருந்துக் கம்பெனிக்கு எழுதுறது?"

மர்சலினே எழுதினாள், தன் பேரைப் போட்டு. பதில் வர நாளாயிற்று. ஜோதிலட்சுமி தொடரலாம், மர்சலின் இனி நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்று வந்தது.

ஜோதிலட்சுமி இட்லி தின்று மாத்திரை போட்டாள். நொதி அடங்கியது, இருமல் பாதி குறைந்தது. மறு வருஷம், எல்லா ஊர்க் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் மருந்தால் போதுமான பலன் இல்லை என்று கம்பெனி சோதனையை நிறுத்திவிட்டது. மாத்திரை நின்றது, இருமல் திரும்பியது. ஆற்றோர வீடுகளை இடித்தபோது அவளைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே குடியிருப்பின் கீழே கடை போட்டிருக்கிறாள். மாவு ஊற்றுவது மகள் செண்பகம். மதிவாணன் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார். மர்சலின் அதே பிரிவில் ரத்தக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டுகிறாள். யாருக்கும் எதையும் விளக்குவதில்லை.