வில்லோடு வந்தவர்கள்

1994 அக்டோபரில் சபரிநாதன் வாங்கிய முதல் பழைய வில்லோடு மூன்று மான்களும் ரவுண்ட் ராக் வீட்டுக்கு வந்தன. அந்த வில்லால் முப்பது, நாற்பது வருஷங்களுக்கு முன் கொல்லப்பட்ட மான்கள் அவை. வில்லை ஹாலில் மாட்டியதும் அதற்கு நேரே சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டன. தின்னவில்லை, புழுக்கை போடவில்லை, கார்ப்பெட்டில் குளம்புத் தடம் பதியவில்லை.

சபரிநாதன் கரூர்க்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. முட்டைகூடத் தொடாதவர், ஓர் அம்பையும் எய்ததில்லை. ஆனால் நுனி இரண்டும் வெளிப்பக்கம் மடங்கிய ரீகர்வ் வில் ஒன்றை, வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேலில் கையில் எடுத்துப் பார்த்த நாளிலிருந்து அவர் மனம் வேறெதிலும் போகவில்லை. சனிக்கிழமைதோறும் டெக்சாஸ் முழுக்க அலைந்து, இறந்தவர்களின் சாமான்களை விற்கும் வீடுகளில் தேடினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வில் முறுக்கியிருக்கிறதா என்று பார்ப்பார். வார்னிஷின் மேல் நகத்தை ஓட்டி விரிசல் தேடுவார். 1997 முடிவில் பத்தொன்பது வில், நாற்பத்தொரு மான், இரண்டு காட்டுப்பன்றி. கால்நடை வளர்ப்பதாகப் புகார் போய், குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். சாணமோ நாற்றமோ இல்லாததால் விதிமீறல் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு பாட்லக் விருந்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் மான்களுக்கு நடுவே தட்டோடு உட்கார்ந்து கிரீன் கார்டு பற்றிப் பேசின. ஒன்றுதான் கஷ்டம். ஏதாவது ஒரு வில்லில் நாண் பூட்டினால் அத்தனை மிருகங்களும் ஒரே சமயத்தில் தலையை நிமிர்த்தின. அந்தக் கண்களை ஒருமுறை பார்த்த பிறகு சபரிநாதன் நாண் பூட்டுவதையே விட்டுவிட்டார்.

1998 மார்ச்சில் லானோ பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், பிள்ளையில்லாமல் செத்துப்போன கிழவர் ஒருவரின் வில் கிடைத்தது. கருஞ்சிவப்பு மரம், மயிரிழை விரிசல்கூட இல்லை. அப்படி ஒன்றைத் தேடித்தான் நாலு வருஷம் அலைந்திருந்தார். அதோடு ஏழு மான்கள் வந்தன. கூடவே ஓர் ஆளும் வந்தான். முப்பது வயதிருக்கும். கட்டம்போட்ட சிவப்புச் சட்டை. இடது விலாவுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை. அவனும் மான்களோடு சுவரைப் பார்த்து நின்றான். மாலை ஐந்து மணியானால் மட்டும் ஜன்னலுக்குப் போய் வாசல் தெருவைப் பார்ப்பான். சபரிநாதனின் மனைவி ஷ்யாமளா குறுக்கே போனால் தொப்பியைக் கழற்றுவான்.

அவன் யாரென்று சபரிநாதன் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அந்த ஊர் நூலகத்தில், 1962 நவம்பர் செய்தித்தாளில், படத்தோடு இருந்தது. பெயர் ரேமண்ட். நண்பனோடு வேட்டைக்குப் போனவன் திரும்பவில்லை. பன்னிரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். வேறொரு பெண்ணோடு ஓடிப்போயிருப்பான் என்று அந்த நண்பன் போலீசிடம் சொல்லியிருக்கிறான். வில்லை விட்டுச் செத்த கிழவர்தான் அந்த நண்பன். டெலிபோன் புத்தகத்தில் ரேமண்டின் மனைவி லோரெட்டா செய்தியில் இருந்த அதே முகவரியில் இருந்தாள்.

சபரிநாதன் இதை வீட்டில் சொல்லவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றது. போலீஸ் வாசனையே படக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதற்கும் மேலே, வில்லைக் கைவிட அவருக்கு மனசில்லை. ஏழு மாதம் போயிற்று. ஹாலைக் கடக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமலே நடக்கப் பழகிக்கொண்டார். ஆபீஸில் மணி ஐந்தானால் விலாவில் வலித்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷ்யாமளா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “அவர் வீட்டுக்குப் போக ரைடு கேட்டு நிக்கிற மாதிரி நிக்கிறாருங்க. உங்களுக்கு அட்ரஸ் தெரியும்னு நினைக்கிறேன்.”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் எழுந்து போய் லோரெட்டாவுக்குப் போன் பண்ணி, வில் யாருடையது என்பதையும் சொன்னார்.

லோரெட்டா மறுநாளே பிக்கப் டிரக்கை ஓட்டிக்கொண்டு வந்தாள். அறுபத்தைந்து வயது, கைத்தடி. சபரிநாதன் தயார் செய்து வைத்திருந்த விளக்கம் எதையும் அவள் கேட்கவில்லை. மான்களை விலக்கிக்கொண்டு நேரே ரேமண்டிடம் போனாள். அவன் திரும்பினான். முப்பத்தாறு வருஷம் ஊர் தன்னை எப்படிப் பார்த்தது என்று அவள் சொல்லவில்லை. “அப்ப நீ என்னை விட்டுப் போகவே இல்லை” என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் இல்லையென்று தலையாட்டினான்.

சபரிநாதன் வில்லைச் சுவரிலிருந்து எடுத்தார். மரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். ஏழு மாதம் தெரிந்தே வைத்திருந்ததாக லோரெட்டாவிடம் சொல்லிவிட்டார். “இவன் நண்பன் முப்பத்தைந்து வருஷம் வைத்திருந்தான்” என்றாள் அவள். அது மன்னிப்பா இல்லையா என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வில்லை டிரக்கில் வைத்ததும் ஏழு மான்களும் பின்னால் ஏறின; ரேமண்ட் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

கொன்றவன் செத்துவிட்டதால் அவள் போலீசுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு ரேமண்டைச் சர்ச்சுக்கு அழைத்துப் போனாள். முன்வரிசையில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஒரு கடிதம் ஷ்யாமளாவுக்கு வந்தது. 2001இல் வந்ததில், ரேமண்டுக்குக் காதோரம் நரைக்கத் தொடங்கியிருப்பதாகவும், முடி வெட்டுகிறவர் மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து வெட்டிவிட்டுப் போவதாகவும் எழுதியிருந்தாள்.