பல் டாக்டர் காய்ச்சிய கல்யாண பீர்

வோஸ் பள்ளத்தாக்கில் பதினெட்டு வருஷம் குடியிருந்தும் ஹால்வோருக்கு ஒரு மனக்குறை தீரவில்லை. கல்யாணத்துக்கு பீர் காய்ச்சித் தாருங்கள் என்று ஒருவர்கூட அவரைக் கேட்டதில்லை. பெர்கன் நகரத்துக்காரர், போதாக்குறைக்குப் பல் டாக்டர். முப்பது வருஷம் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஓய்வுபெற்றதும் அண்டாவுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அங்கேயும் அவர் கண்ணில் பட்டது கிருமிதான்.

அவர் பீர் காய்ச்சும் கொட்டகைக்குள் போவதும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போவதும் ஒன்றுதான். காலணியைக் கழற்ற வேண்டும், கையைச் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். அவர் முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொள்வார். தண்ணீர் வழியக் கூடாது என்று அதன் விளிம்பை இரண்டு விரற்கடை மடித்தும் விடுவார். மற்றவர்கள் விரலை விட்டுச் சூடு பார்க்கிற வேலைக்கு அவரிடம் உள்ளே சிவப்புத் திரவம் ஏறி இறங்கும் நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டர் இருந்தது. விரலில் எத்தனை கோடிக் கிருமிகள் உண்டு என்று ஊர்க்கூட்டத்திலேயே ஒருமுறை விளக்கியிருக்கிறார். அன்று யாரும் பிஸ்கட் தட்டில் கை வைக்கவில்லை.

சாறு நொதிப்பதற்காக ஈஸ்ட் போடும்போது அண்டாவுக்குள் தலையை நீட்டி அடித்தொண்டையில் கத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். கத்தல் எவ்வளவு பலமோ, விருந்து அவ்வளவு கலகலப்பாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஹால்வோரும் கத்துவார், மாஸ்க் போட்டுக்கொண்டு. எச்சில் விழுந்துவிடக் கூடாதே! அதனால்தான் டாக்டர் வீட்டு பீரைக் குடித்தால் கொட்டாவி வருகிறது என்று ஊரில் பேச்சு.

அப்படிப்பட்டவரிடம்தான் பன்றி வளர்க்கும் சிக்ரூன், தன் மகள் கல்யாணத்துக்கு நூற்றைம்பது லிட்டர் காய்ச்சித் தரச் சொன்னார். சரிவில் கீழ்ப்பக்கத்து வீட்டுக்காரி. வாயைத் திறந்தால் கிண்டல்தான், ஆனாலும் நல்ல மனுஷி. ஹால்வோர் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காய்ச்சினார். விடிவதற்குள் மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, வெந்நீரில் ஊற வைத்து, அண்டாவின் அடியில் பரப்பிய ஜூனிபர் மரக் கிளைகள் வழியாகச் சாற்றை வடித்து, செம்புக் கொப்பரையில் ஏற்றி அடுப்பு மூட்டியாயிற்று. மிஞ்சிய சக்கை வழக்கம்போல சிக்ரூனின் பன்றிகளுக்கு. அவரே டிராக்டரில் வந்து அள்ளிக்கொண்டு போனார். போகிற போக்கில், சக்கையையும் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

பத்தரை மணிக்கு ஹால்வோர் சாமான்களைக் கழுவ உட்கார்ந்தார். தெர்மாமீட்டரைக் கையில் எடுத்தார். நுனியில் ஓர் அங்குலத்தைக் காணோம்.

கடைசியாக அதை முழுசாகப் பார்த்தது மால்ட் ஊறும்போது. அங்கேதான் உடைந்திருக்க வேண்டும். அப்படியானால் பீருக்கு ஆபத்தில்லை, ஜூனிபர் கிளைகளைத் தாண்டிக் கண்ணாடி இறங்காது. அப்பாடா என்று மூச்சு விட்டவருக்கு அடுத்த நொடியே தூக்கிவாரிப்போட்டது. கண்ணாடி சக்கையில் இருக்கிறது. சக்கை பன்றித் தொட்டிக்குப் போயிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். பன்றி எதைத் தின்று செத்தது என்று யார் துப்பறியப் போகிறார்கள்? சொன்னாலோ, கண்ணாடி டாக்டர் என்று பேராகிவிடும், அப்புறம் கல்யாண பீர் என்ற பேச்சே கனவிலும் கிடையாது. இதையெல்லாம் அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்துக்கொண்டே ஓடினார். அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மனைவி தோராவிடம் கத்திவிட்டு, உடைந்த தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாஸ்க்கும் கையுறையுமாகச் சரிவில் இறங்கினார்.

சிக்ரூன் தொழுவ வாசலில் நின்றிருந்தார். சூடாக இருக்கிறதென்று சக்கையை இன்னும் தொட்டியில் கொட்டவில்லை. ஹால்வோர் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னார். சிக்ரூன் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"முதல்ல அந்தக் கையுறையக் கழட்டுங்க டாக்டரே. ரப்பரைப் போட்டுக்கிட்டுத் தேடினா கண்ணாடி எப்படித் தட்டுப்படும்?"

கையுறையை வேலியில் தொங்கவிட்டார், மாஸ்க்கைச் சட்டைப்பையில் திணித்தார். இருவரும் மண்டி போட்டு, எண்பது கிலோ சக்கையைப் பிடி பிடியாகப் பிசைந்து பார்த்தார்கள். முதலில், கண்ணாடி இதில் இருக்கக் கூடாதே என்று ஹால்வோர் வேண்டிக்கொண்டார். அரை மணி கழித்து வேண்டுதல் தலைகீழாயிற்று. இதில் இல்லையென்றால் அது கொப்பரையில் அல்லவா கொதித்துக்கொண்டிருக்கும்! பன்றிகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தங்கள் சாப்பாட்டில் இவர்கள் கை வைப்பதைப் பார்த்து உறுமின.

கடைசிப் பிடியும் பார்த்தாயிற்று. கண்ணாடி இல்லை.

ஹால்வோர் எழுந்தார். முழங்கால் இரண்டும் நனைந்திருந்தன. "பீரைக் கொட்டிடறேன். மன்னிச்சிடுங்க. பொண்ணுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்குங்க."

பதினெட்டு வருஷம் காத்திருந்து கிடைத்தது இரண்டு மணி நேரத்தில் போயிற்று.

சிக்ரூன் வேலியில் தொங்கிய கையுறையை எடுத்து அவரிடம் நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. வலக்கையுறையின் மடிப்பில் சிவப்பாக ஒரு கறை. மடிப்பை மெதுவாகப் பிரித்தார். கண்ணாடி நுனி அவர் உள்ளங்கையில் விழுந்தது.

ஹால்வோருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சூடு பார்த்தபின் தெர்மாமீட்டரை அந்த மடிப்பில்தான் செருகியிருந்தார். சாற்று வாளியைத் தூக்க முழங்கையை மடக்கியபோது உள்ளேயே முறிந்திருக்கிறது. சட்டைப்பையில் இருந்த மீதியை எடுத்து நுனியோடு பொருத்திப் பார்த்தார். ஒரு சில்லுகூடக் குறையவில்லை.

"ரெண்டு மணி நேரமா என்னை மண்டி போட வச்சீங்களே," என்றார் சிக்ரூன். "கிருமி வரக் கூடாதுன்னு போட்ட சாமானுக்குள்ளேயே கண்ணாடிய வச்சிக்கிட்டு!"

ஹால்வோர் தலையைக் குனிந்துகொண்டார். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். கல்யாண விருந்தில் பெண்ணைப் பெற்றவள் எழுந்து பேச வேண்டும், என்ன பேசுவதென்று இதுவரை தெரியாமல் இருந்தது, இப்போது கவலை விட்டது என்றார் சிக்ரூன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தொழுவத்து உள்ளறையைக் காட்டினார். அங்கே சுவரோரமாக மூன்று பீர் பீப்பாய்கள் இருந்தன.

"உங்களை நம்பாம நானும் காய்ச்சி வச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு."

ஹால்வோருக்குச் சுருக்கென்றது. ஆக, அவரிடம் கேட்டதெல்லாம் ஒப்புக்குத்தான்.

"மூஞ்சியத் தூக்காதீங்க," என்றார் சிக்ரூன், கிண்டல் இல்லாத குரலில். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஓடி வந்தீங்க. இதை நாங்க வீட்டுல குடிச்சுக்கறோம். கல்யாணத்துக்கு உங்க பீர்தான்."

சாயங்காலம் சிக்ரூன் கொட்டகைக்கு ஏறி வந்தபோது கொப்பரைச் சாறு ஆறிக்கொண்டிருந்தது. ஈஸ்ட் போடும் சூடு வந்துவிட்டதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் இல்லை. சிக்ரூன் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவிய பிறகு, ஹால்வோர் கண்ணை மூடிக்கொண்டார். சிக்ரூன் விரலை விட்டார், எடுத்தார், போடச் சொன்னார். ஹால்வோர் ஈஸ்ட்டைக் கொட்டினார். மாஸ்க்கை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். அதில் சக்கை அப்பியிருந்தது.

கொப்பரைக்குள் குனிந்து, மாஸ்க் இல்லாமல், காலையிலிருந்து அடக்கி வைத்த பயம், வெட்கம், சந்தோஷம் எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினார். கீழே பன்றிகள் பதிலுக்குக் கத்தின. தோரா கரண்டியோடு ஓடி வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் இல்லை, டாக்டர் இந்த ஊர்க்காரர் ஆகிவிட்டார் என்றார் சிக்ரூன்.

கத்தும்போது ஒரு சொட்டு எச்சில் தெறித்துச் சாற்றில் விழுந்ததை ஹால்வோர் பார்த்தார். சிக்ரூனும் பார்த்தார். மூன்று வாரம் கழித்து, கண்ணாடிக் கதையைச் சொல்லிக் கல்யாண வீட்டையே சிரிக்க வைத்த சிக்ரூன், அதை மட்டும் சொல்லவில்லை.